கால் பலம் எப்படிப் போகிறது, எப்படித் திரும்புகிறது

1966-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஐந்து இளைஞர்கள் மூன்று வாரம் படுத்த படுக்கையாக இருந்தார்கள். ஐவருக்கும் வயது 20, நோய்நொடி ஏதுமில்லை. ஆராய்ச்சிக்காகவே படுக்க வைக்கப்பட்டார்கள். மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் கட்டிலைவிட்டு இறங்கவிடாமல் வைத்திருப்பது அந்தக் காலத்து மருத்துவ வழக்கம். அந்த மாதிரி ஓய்வு உடம்பை என்ன செய்கிறது என்பதை இந்த ஐவரிடம் அளந்தார்கள்.

முழு மூச்சாக உழைக்கும்போது உடம்பு ஒரு நிமிடத்தில் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்று ஒரு கணக்கு உண்டு. இதயம், நுரையீரல், தசை மூன்றும் சேர்ந்து எவ்வளவு தாங்கும் என்பதை அது சொல்லிவிடும். மூன்று வாரப் படுக்கையில் அந்த அளவு சராசரியாக 27 சதவீதம் சரிந்தது.

முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரை மறுபடி சோதித்தார்கள். அப்போது அவர்களுக்கு 50 வயது. எடை கூடியிருந்தது. உடம்பில் கொழுப்பின் பங்கு 14 சதவீதத்திலிருந்து 28 சதவீதமாகியிருந்தது. ஆனால் ஆக்சிஜன் அளவு 20 வயதில் இருந்ததைவிடச் சுமார் 11 சதவீதம்தான் குறைந்திருந்தது. முப்பது வருட மூப்பைவிட மூன்று வாரப் படுக்கை அதிகக் கேடு செய்திருந்தது. பிறகு ஆறு மாதம் நடை, மெல்லோட்டம், சைக்கிள் என்று படிப்படியாகக் கூட்டிப் பயிற்சி தந்தார்கள். சராசரியாகப் பார்த்தால் ஐவரும் தங்கள் 20 வயது அளவுக்கே திரும்பினார்கள்.

ஐந்தே பேர், அதுவும் ஆண்கள் மட்டும் என்பதால் இந்த ஆய்வை அளவுக்கு மீறி இழுக்கக் கூடாது. ஆனாலும் அது காட்டிய திசை பின்வந்த பெரிய ஆய்வுகளிலும் மாறவில்லை. வயதானதால் போயிற்று என்று நாம் கணக்கெழுதும் பலத்தில் கணிசமான பங்கு, அசையாமல் இருந்ததால் போனது. அப்படிப் போனது எந்த வயதிலும் ஓரளவாவது திரும்பும். தமிழ்நாட்டில் 2021-இல் மக்கள்தொகையில் 13.6 சதவீதம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள் என்பது மத்திய அரசின் மதிப்பீடு. பெரிய மாநிலங்களில் கேரளம் மட்டும்தான் (16.5 சதவீதம்) நமக்கு முன்னால் இருக்கிறது. அநேகமாக ஒவ்வொரு குடும்பத்துக்கும் இது சொந்த விஷயம்.

அன்பும் கட்டிலும்

டல்லாஸில் நடந்தது நம் வீடுகளிலும் நடக்கிறது, அளக்கத்தான் ஆளில்லை. அப்பாவுக்கு டெங்கு வந்து ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீடு திரும்புகிறார். அதன்பின் ஒரு மாதம் கட்டில்தான். காபியும் சாப்பாடும் கட்டிலுக்கே வரும். மாத்திரையும் தண்ணீரும் கைக்கே வரும். "நீங்க எழுந்திரிக்காதீங்கப்பா, நாங்க பாத்துக்குறோம்." அன்பால் சொல்வதுதான். மாதம் முடிந்து அவர் எழுந்தால் கால் நடுங்குகிறது, குளியலறை வரை போக ஆள் துணை வேண்டியிருக்கிறது. காய்ச்சல் ஆளை உருக்கிவிட்டது, வயசும் ஆயிடுச்சு என்று வீடு முடிவு கட்டிவிடுகிறது. கட்டிலின் மீது யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

சந்தேகப்பட வேண்டியது கட்டிலைத்தான். சராசரி வயது 67 உள்ள, நோயில்லாத ஒரு சிறு குழுவைப் பத்து நாள் படுக்க வைத்துப் பார்த்த ஆய்வு 2007-இல் வெளியானது. பத்தே நாளில் கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போயிருந்தது. முழங்காலை நீட்டும் தசைகளின் வலு 16 சதவீதம் குறைந்திருந்தது. இவர்கள் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆரோக்கியசாலிகள். காய்ச்சலும் பசியின்மையும் சேர்ந்த ஒரு முதியவருக்கு இழப்பு இன்னும் அதிகமாகத்தான் இருக்கும்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஸ்பெயின் நாட்டு பாம்ப்லோனா நகர ஆய்வு இருக்கிறது. திடீர் நோயால் ஆஸ்பத்திரியில் சேர்ந்த 370 முதியவர்கள், சராசரி வயது 87. பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப் பேருக்கு அதோடு காலை மாலை இருவேளை, ஐந்து முதல் ஏழு நாள் வரை, அவரவர் நிலைக்குத் தக்க பயிற்சி: எடையை எதிர்த்துக் காலை நீட்டுவது, உட்கார்ந்து எழுவது, சமநிலைப் பயிற்சி, நடை. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் வீடு திரும்பும்போது குளிப்பது, உடுப்பது, நடப்பது போன்ற அன்றாட வேலைகளில் பின்தங்கியிருந்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் பின்தங்கவில்லை, சற்று முன்னேறியும் இருந்தார்கள். 2018-இல் வெளியான இந்த முடிவை நம் ஊர் ஆஸ்பத்திரி வார்டுகள் எல்லாம் கையிலெடுக்க வேண்டும் என்பது என் ஆசை. அதுவரை குடும்பத்தார் டிஸ்சார்ஜ் நாளில் டாக்டரிடம் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்க வேண்டும்: "எப்பலேர்ந்து நடக்கவிடலாம், தினமும் எவ்வளவு?"

தசைக்குள் நடப்பது

நம் தசையில் இருவகை இழைகள் உண்டு. ஒருவகை மெதுவாக வேலை செய்து நெடுநேரம் தாங்கும். நிற்பதும் நிதானமாக நடப்பதும் பெரும்பாலும் இவற்றின் வேலை. இன்னொரு வகை சட்டெனச் சுருங்கி வேகமும் விசையும் தரும், சீக்கிரம் களைத்தும் போகும். மூப்பு முதலில் கைவைப்பது இந்த இரண்டாவது வகையில்.

முதுகுத்தண்டிலிருந்து தசைக்கு ஆணை கொண்டுவரும் நரம்பணுக்கள் வயது ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாக மடிகின்றன. ஆதரவற்றுப்போன இழைகளில் சிலவற்றைப் பக்கத்து நரம்பணு தத்தெடுத்துக்கொள்கிறது. பெரும்பாலும் அது மெதுவகை நரம்பணு, ஆகவே அந்த இழையும் மெதுவானதாக மாறிவிடுகிறது. தத்தெடுக்க ஆளில்லாத இழை சுருங்கி மறைகிறது. அதனால்தான் தசையின் அளவு குறைவதைவிட வலு வேகமாகக் குறைகிறது. 70 வயதைக் கடந்தவர்களிடம் தசை ஆண்டுக்கு ஒரு சதவீத அளவில் குறைந்தால், வலு ஏறக்குறைய மூன்று சதவீத அளவில் குறைவதை அளந்திருக்கிறார்கள். சட்டென்று விசை கொடுக்கும் திறன் அதற்கும் முன்னால் போய்விடும். இந்தத் தசைநலிவுக்கு இர்வின் ரோசன்பர்க் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1989-இல் சார்கோபீனியா என்று பெயர் வைத்தார். அமெரிக்க மருத்துவ நோய்ப்பட்டியலில் அது தனிக் குறியீட்டோடு சேர்ந்தது 2016-இல்தான். மருத்துவமே தாமதமாகக் கவனித்த ஒன்றை வீடுகள் இன்னும் கவனிக்காததில் வியப்பில்லை.

தினசரி வாழ்க்கையில் இது எங்கே தெரியும்? டவுன் பஸ்ஸின் உயரமான படியில் ஏறும்போது. இந்தியன் டாய்லெட்டிலிருந்து எழும்போது. சோப்புத் தண்ணீரில் கால் வழுக்கும் அந்த அரை நொடியில். கீழே விழாமல் தப்பிக்க மற்றக் காலை விருட்டென்று முன்னால் வைத்தாக வேண்டும், அதைச் செய்ய வேண்டியது வேக இழை. தினமும் ஒரு மணி நேரம் தவறாமல் வாக்கிங் போகும் ஒருவர் ஒருநாள் குளியலறையில் விழுந்து இடுப்பை முறித்துக்கொள்ளும்போது, "இவ்வளவு நடந்தாரே!" என்று எல்லோரும் திகைக்கிறோம். நடை அவருடைய இதயத்துக்கும் மெதுவகை இழைகளுக்கும் நல்லது செய்தது. அந்த அரை நொடிக்கு வேண்டிய தசைக்கு அது வேலையே கொடுக்கவில்லை.

நம்மவர்களுக்குத் தசை விஷயத்தில் இன்னொரு நெருக்கடி உண்டு. ஒரே எடையுள்ள ஐரோப்பியரையும் இந்தியரையும் ஒப்பிட்டால் சராசரியாக நமக்குத் தசை குறைவு, கொழுப்பு அதிகம். சாப்பிட்ட பின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையின் பெரும்பகுதியை வாங்கி வைத்துக்கொள்ளும் கிடங்கு தசைதான். கிடங்கு சுருங்கினால் சரக்கு தெருவில் தேங்கும். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்று 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு சொல்கிறது. சுகர் இருக்கும் முதியவருக்குத் தசைப் பயிற்சி, மருந்தோடு சேர்ந்து செய்ய வேண்டிய சிகிச்சையாகவே இருக்க வேண்டும். உழைக்கும் தசை இன்சுலின் உதவி இல்லாமலும் சர்க்கரையை உள்ளிழுக்கும் என்பதால், சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பதற்கும் நல்ல பலன் உண்டு. இரவு சாப்பாட்டுக்குப் பின் நேரே டிவி முன்னால் அமர்பவர்கள் அந்தப் பதினைந்து நிமிடத்தை வாசலிலோ மொட்டை மாடியிலோ செலவழிக்கலாம்.

தொண்ணூறு வயதில் எடை தூக்கியவர்கள்

1990-இல் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவர் பாஸ்டன் நகர முதியோர் இல்லம் ஒன்றில் செய்த ஆய்வைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எடுத்துக்கொண்டவர்கள் பத்துப் பேர், சராசரி வயது 90. பல நோய்களோடு, தளர்ந்த நிலையில் இல்லத்தில் இருந்தவர்கள். லேசான கையாட்டல் காலாட்டலோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. ஒருவர் ஒரே ஒரு முறை அதிகபட்சம் தூக்கக்கூடிய எடையில் 80 சதவீதம் வரை வைத்து, மேற்பார்வையோடு, முழங்கால் நீட்டும் பயிற்சி தந்தார். எட்டு வாரம் முடித்த ஒன்பது பேரின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொடைத் தசையின் அளவு 9 சதவீதம் பெருத்தது. ஒரு பாதத்தை அடுத்ததன் முன்னால் ஒட்டி வைத்து நடக்கும் வேகம் 48 சதவீதம் உயர்ந்தது.

தசை இவ்வளவு குறைவாகப் பெருத்து வலு இவ்வளவு கூடியது எப்படி என்று கேட்கத் தோன்றும். பெரும் பங்கு நரம்பினுடையது. நெடுங்காலம் கூப்பிடப்படாமல் கிடந்த இழைகளை மூளை மறுபடி கூப்பிடக் கற்றுக்கொள்கிறது. அதனால்தான் முதல் சில வாரங்களிலேயே எழுவது இலகுவாகிவிடுகிறது.

அவரே 1994-இல் நூறு பேரை வைத்து, சராசரி வயது 87, இன்னும் கறாராக ஓர் ஆய்வு செய்தார். சிலருக்குப் பயிற்சி, சிலருக்குச் சத்துபானம், சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டும் இல்லை. பத்து வாரத்தில் பயிற்சி செய்தவர்களின் வலு 113 சதவீதம் கூடியது, நடை வேகமும் மாடிப்படி ஏறும் திறனும் உயர்ந்தன. பயிற்சியில்லாமல் சத்துபானம் மட்டும் குடித்தவர்களுக்கு வலு கூடவில்லை. அம்மாவுக்குத் தெம்பு வரட்டும் என்று மாதாமாதம் டின் டின்னாகச் சத்துமாவு வாங்கி அனுப்பும் பிள்ளைகளுக்கு இந்த ஆய்வை வரி வரியாகப் படித்துக்காட்ட வேண்டும் என்று தோன்றும். டின்னோடு, யாராவது ஒருவர் தினமும் அம்மாவைப் பத்துத் தடவை எழுப்பி உட்கார வைத்தால்தான் அது தசையாகும்.

புரதம் தேவையில்லை என்று இதற்குப் பொருளில்லை. வயதானவர் உடம்பு அதே அளவு புரதத்திலிருந்து முன்னைவிடக் குறைவாகவே தசை கட்டுகிறது. முதியோருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் என்று வல்லுநர் குழுக்கள் பரிந்துரைக்கின்றன. 55 கிலோ எடையுள்ளவருக்கு 55 முதல் 66 கிராம். ராத்திரிக்கு இரண்டு இட்லி போதும் என்று சொல்லும் பாட்டிக்கு அந்த வேளையில் கிடைப்பது நான்கைந்து கிராம்தான். ஒரு முட்டை 6 கிராம், ஒரு கைப்பிடிச் சுண்டல் ஏறக்குறைய அதே அளவு. பருப்பு, தயிர், மீன் எது ஒத்துக்கொள்கிறதோ அதை மூன்று வேளைக்கும் பிரித்துத் தர வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

நடை போதுமா?

நம் ஊரில் முதியோர் உடற்பயிற்சி என்றால் அது வாக்கிங். விடிகாலை மெரினாவில், மாலை ஊர்ப் பூங்காவில், கிராமத்தில் ஏரிக்கரையில். 2023 நவம்பரில் தமிழக அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை ஒதுக்கியது. நல்ல காரியம். நடைக்கு எதிராக ஒரு வார்த்தையும் நான் சொல்ல மாட்டேன். சொல்ல விரும்புவது அதன் பக்கத்தில் இன்னொன்றை வைக்க வேண்டும் என்பதுதான்.

முதலில் எண்ணிக்கை பற்றிய கவலையை விட்டுவிடலாம். தினமும் பத்தாயிரம் அடி எடுத்து வைக்க வேண்டும் என்ற இலக்கு, 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. சராசரி வயது 72 உள்ள 16,000-க்கும் அதிகமான அமெரிக்கப் பெண்களைப் பின்தொடர்ந்த 2019 ஆய்வில், நாளொன்றுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களின் இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் பலன் கூடவில்லை. பின்தொடரும் ஆய்வு என்பதால், நன்றாக இருப்பவர்களே அதிகம் நடந்தார்கள் என்ற சாத்தியம் இதில் உண்டு. ஆனாலும் பத்தாயிரம் முடியவில்லை என்று மனம் தளர்ந்து நடையையே நிறுத்திவிடுபவர்களுக்கு இது ஆறுதலான செய்தி.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் 65 வயதைக் கடந்தவர்களுக்கு மூன்று சொல்கிறது. வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான அசைவு, அதாவது பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற அளவுக்கு மூச்சு வாங்கும் நடை. வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலு தரும் பயிற்சி. மூன்று நாளாவது சமநிலையையும் வலுவையும் சேர்த்துப் பழகும் பயிற்சி. இந்த மூன்றில் முதலாவது மட்டும்தான் நம் பூங்காக்களில் நடக்கிறது.

மீதி இரண்டுக்கும் ஜிம் வேண்டியதில்லை, ஒரு நாற்காலி போதும். சக்கரமில்லாத, உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, 30 நொடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணிப் பாருங்கள். அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் அட்டவணைப்படி 65 முதல் 69 வயதுக்குள் ஆண்கள் 12 முறைக்கும், பெண்கள் 11 முறைக்கும் குறைவாக எழுந்தால் அது சராசரிக்குக் கீழே. 75 முதல் 79-க்குள் ஆண்களுக்கு 11, பெண்களுக்கு 10. அட்டவணை அமெரிக்கர்களை அளந்து போட்டது, ஆகவே அந்த எண்ணைத் தீர்ப்பாக எடுக்க வேண்டாம். உங்கள் எண்ணை எழுதி வைத்து, மூன்று மாதம் கழித்து மறுபடி எண்ணுங்கள்.

அதே சோதனைதான் பயிற்சியும். கையை ஊன்றி எழுவதில் தொடங்கலாம். பிறகு ஊன்றாமல். அதுவும் எளிதானால் எழும்போது வேகமாகவும் உட்காரும்போது மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெதுவாகவும். வேகமாக எழுவது வேக இழைகளுக்கு வேலை தரும். பிறகு துணிப்பையில் இரண்டு கிலோ அரிசி போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழலாம். ஒரு சுற்றுக்கு எட்டுப் பத்துத் தடவை, கடைசி இரண்டு தடவை உண்மையிலேயே கஷ்டமாக இருக்க வேண்டும். பலர் தவறவிடுவது இங்கேதான். இலகுவாக இருக்கும் ஒன்றையே ஆண்டுக்கணக்கில் செய்தால் தசைக்கு வளரக் காரணமில்லை. சுமை கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போக வேண்டும், மூச்சை மட்டும் அடக்கக் கூடாது.

சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது கெண்டைக்காலுக்கு. சுவரில் உள்ளங்கை பதித்துத் தள்ளுவது தோளுக்கும் கைக்கும். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ஒற்றைக்காலில் நிற்பது, பழகப் பழக இரண்டு விரலால் மட்டும் தொட்டு நிற்பது. அடிமேல் அடி ஒட்டி வைத்து ஹாலின் நீளத்துக்கு நடப்பது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுவதையும், முட்டி அனுமதிக்கும்வரை, விட்டுவிடாமல் இருப்பது. பிரேசில் மருத்துவர் கிளாடியோ அராவ்ஜோ 51 முதல் 80 வயது வரையான 2,002 பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் சொல்லி மதிப்பெண் போட்டார். கையையும் முழங்காலையும் அதிகம் ஊன்றியவர்களில் அடுத்த சில ஆண்டுகளில் அதிகம் பேர் இறந்திருந்தார்கள். தரையில் உட்காருவது ஆயுளைக் கூட்டும் என்று இதைப் படிக்கக் கூடாது. வலு, சமநிலை, மூட்டின் நெகிழ்வு மூன்றும் அந்த ஒரே செயலில் தெரிந்துவிடுகின்றன. பந்தியில் தரையில் அமர்ந்து சாப்பிட்ட தலைமுறைக்கு இந்தச் சோதனை தினமும் மூன்று வேளை நடந்துகொண்டிருந்தது. சோபாவும் டைனிங் டேபிளும் வந்தபின் அது நின்றுபோனது.

இந்தப் பயிற்சிகளுக்கு மிக உறுதியான சான்று, விழுவதைத் தடுப்பதில் இருக்கிறது. 108 ஆய்வுகளையும் 23,000-க்கும் அதிகமான முதியவர்களையும் சேர்த்துப் பார்த்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2019 தொகுப்பின்படி, உடற்பயிற்சி விழும் எண்ணிக்கையை 23 சதவீதம் குறைக்கிறது. சமநிலைப் பயிற்சிக்கும் அன்றாட அசைவுகளைப் பழகும் பயிற்சிக்கும் சான்று வலுவாக இருக்கிறது. வெறும் நடைக்கு அப்படிச் சொல்லுமளவு சான்று இல்லை. ஒருமுறை விழுந்தவர் பயத்தில் நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்வார், அதனால் கால் இன்னும் தளரும், மறுபடி விழுவார். இந்தச் சுழலை உடைப்பது மருந்துக்கடையில் கிடைக்காது.

அம்மாக்களின் முட்டி

பூங்காவில் நடப்பவர்களைக் கவனித்தால் ஒன்று தெரியும்: ஆண்கள் அதிகம். 2022-ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி இந்தியாவில் பெண்களில் 57 சதவீதமும் ஆண்களில் 42 சதவீதமும் போதிய உடலசைவு இல்லாதவர்கள். நாள் முழுவதும் சமையலறையில் நிற்கிறேனே, அது போதாதா என்று பெண்கள் கேட்பது நியாயமான கேள்வி. நிற்பது களைப்பைத் தரும், ஆனால் தொடைத் தசைக்கு ஏறுமுகமான சுமையைத் தராது. மாவாட்டி, தண்ணீர் இறைத்து, குடம் சுமந்த நாட்களில் அந்தச் சுமை இருந்தது. கிரைண்டரும் மோட்டாரும் வந்ததற்கு நன்றி சொல்ல வேண்டும், இழந்த சுமையை வேறு வழியில் கொடுத்துக்கொள்ளவும் வேண்டும்.

பெரிய தடை முட்டிவலி. எக்ஸ்ரே பார்த்து எலும்பு தேய்ந்திருக்கிறது என்று கேட்டதும், நடந்தால் இன்னும் தேய்ந்துவிடும் என்று பயந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். உலகமெங்கும் மூட்டு மருத்துவ வழிகாட்டுதல்கள் முட்டித் தேய்மானத்துக்கு முதல் சிகிச்சைகளில் ஒன்றாக வைத்திருப்பது உடற்பயிற்சியை. தொடையின் முன்தசை வலுவாக இருந்தால் அடி வைக்கும் அதிர்ச்சியில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்கிறது. குருத்தெலும்புக்கு நேரடி இரத்த ஓட்டம் இல்லாததால், மூட்டு அழுந்தி விரியும்போதுதான் அதற்கு ஊட்டம் போகிறது. முதலில் கொஞ்சம் வலிக்கும். அந்த வலி மறுநாள் வழக்கமான அளவுக்கு வந்துவிட்டால் தொடரலாம். வீக்கமும் வலியும் மறுநாளும் கூடியிருந்தால் அளவைக் குறைத்து, பிசியோதெரபிஸ்ட்டைப் பார்க்க வேண்டும்.

வேறு சில இடங்களில் எச்சரிக்கை கட்டாயம். நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், மயக்கம் வந்தால் உடனே நிறுத்தி டாக்டரிடம் போக வேண்டும். இன்சுலின் போடுபவர்களுக்கும், சில வகைச் சுகர் மாத்திரை எடுப்பவர்களுக்கும் பயிற்சியின்போது சர்க்கரை தாழலாம், கையில் இனிப்பு இருக்கட்டும். பிபி மாத்திரை எடுப்பவர்கள் படுக்கையிலிருந்து சட்டென எழக் கூடாது. சித்திரை வைகாசியில் காலை ஏழு மணிக்கு மேல் வெளியே நடப்பது முதியவர்களுக்கு வேண்டாம்.

ஆடுகளம்

பயிற்சி சலிக்கும். விளையாட்டு அவ்வளவு சுலபத்தில் சலிக்காது. கோபன்ஹேகன் நகரில் 8,500-க்கும் அதிகமானோரைச் சுமார் 25 ஆண்டு பின்தொடர்ந்து 2018-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். அசைவே இல்லாதவர்களைவிட டென்னிஸ் ஆடியவர்கள் 9.7 ஆண்டும், பேட்மிண்டன் ஆடியவர்கள் 6.2 ஆண்டும், மெல்லோட்டம் ஓடியவர்கள் 3.2 ஆண்டும், ஜிம்முக்குப் போனவர்கள் 1.5 ஆண்டும் அதிகம் வாழ்ந்ததாக அதில் இருந்தது. டென்னிஸ் ஆடுபவர்கள் வசதியானவர்களாக இருப்பார்கள் என்பதைக் கணக்கில் எடுத்துத் திருத்திய பிறகும் முழுதாகத் திருத்திவிட முடியாது, ஆகவே அந்த எண்களை நான் அப்படியே நம்பவில்லை. ஆனால் வரிசை யோசிக்க வைக்கிறது. மேலே இருப்பவை எல்லாம் இன்னொரு ஆள் இல்லாமல் ஆட முடியாத ஆட்டங்கள். திடீர் அடி, திடீர்த் திருப்பம், குனிந்து நிமிர்தல் என்று வேக இழைகளுக்கு வேலை தருபவை. ஆட்டக்காரர் ஒருவர் வராவிட்டால் "ஏன் வரல?" என்று போன் வரும்.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் அறுபது கடந்தவர்கள் காலையில் ஷட்டில் ஆடும் கோர்ட்டுகள் இருக்கின்றன, பூப்பந்து ஆடிப் பழகிய கைகளும் இருக்கின்றன. இங்கிலாந்தில் 2011-இல் செஸ்டர்ஃபீல்டு நகரில் நடந்துகொண்டே ஆடும் கால்பந்து தொடங்கியது. ஓடக் கூடாது என்பதே அதன் முக்கிய விதி, ஐம்பது அறுபது வயதினரைத் திடலுக்குத் திரும்பக் கொண்டுவருவதற்கென்றே அமைந்த விதி. அப்படி விதியை வயதுக்கேற்ப மாற்றிக்கொள்ளும் துணிவு நமக்கும் வர வேண்டும். முப்பது வருடம் ராக்கெட் தொடாதவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை இளைஞர்களோடு இறங்கினால் குதிகால் தசைநாண் அறுந்துபோகலாம். நாற்காலிப் பயிற்சியும் குதிகால் உயர்த்தலும் ஓரிரு மாதம் செய்துவிட்டு, இரட்டையர் ஆட்டத்தில் தொடங்குவது பாதுகாப்பு.

தாமதமாகத் தொடங்கியவர்களுக்கு முன்னோடிகள் உண்டு. பஞ்சாபின் மான் கௌர் 93 வயதில் ஓடத் தொடங்கினார். 2017-இல் ஆக்லாந்தில் நடந்த உலக மூத்தோர் விளையாட்டில் 101 வயதில் 100 மீட்டரை 74 நொடியில் ஓடித் தங்கம் வாங்கினார். பிரான்ஸின் ராபர்ட் மர்ஷான் 101 வயதில் ஆராய்ச்சியாளர்கள் வகுத்த திட்டப்படி சைக்கிள் பயிற்சியைத் தொடர்ந்தார். இரண்டு வருடத்தில் அவருடைய ஆக்சிஜன் அளவு, டல்லாஸில் அளந்த அதே அளவு, 13 சதவீதம் உயர்ந்தது. கோவையின் நானம்மாள் தொண்ணூறு வயதைத் தாண்டியும் யோகாசனம் கற்றுக்கொடுத்து, 2018-இல் பத்மஸ்ரீ பெற்று, 2019-இல் 99 வயதில் மறைந்தார். இவர்கள் எல்லாரையும் போல நாமும் ஆக முடியாது. உடம்பின் வரம்பு நாம் நினைத்த இடத்தில் இல்லை என்பதற்கு அவர்கள் சாட்சி.

எதை எதிர்பார்க்கலாம், எதைக் கூடாது

உடற்பயிற்சி செய்தால் நூறு வயது வாழலாம் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். நார்வேயின் ட்ரான்ட்ஹெய்ம் நகரில் 70 முதல் 77 வயது வரையான 1,567 பேரை ஐந்து ஆண்டு பின்தொடர்ந்தார்கள். மேற்பார்வையோடு பயிற்சி பெற்றவர்களுக்கும், நாட்டின் பொது அறிவுரைப்படி அசைந்தால் போதும் என்று விடப்பட்டவர்களுக்கும் இறப்பில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. இரண்டாம் குழுவினரும் தாமாகவே சுறுசுறுப்பாக இருந்தார்கள் என்பது ஒரு காரணம்.

ஆனால் அமெரிக்காவில் 70 முதல் 89 வயது வரையான, ஏற்கெனவே தளரத் தொடங்கியிருந்த 1,635 பேரிடம் நடத்திய ஆய்வு வேறு கேள்வி கேட்டது: 400 மீட்டர் தூரத்தைத் தனியாக நடக்கும் திறன் எத்தனை பேருக்குப் போகிறது? நடையும் வலுப்பயிற்சியும் சமநிலையும் சேர்த்துச் செய்த குழுவில் அந்த ஆபத்து 18 சதவீதம் குறைந்தது. 400 மீட்டர் என்றால் தெருமுனைக் கடைக்குப் போய்த் திரும்பும் தூரம். கோயில் பிராகாரத்தை ஒரு சுற்றுச் சுற்றும் தூரம். யாரையும் கூப்பிடாமல் கழிவறைக்குப் போய்வரும் சுதந்திரமும் அந்தக் கணக்குக்குள்தான் வரும். முதியவர்களிடம் பேசிப் பாருங்கள், ஆயுளைவிட அதைத்தான் அதிகம் வேண்டிக்கொள்கிறார்கள்.

இதைத் தனி மனிதர்களின் ஒழுக்கமாக மட்டும் விட்டுவிட முடியாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பிபி, சுகர் மாத்திரைகளோடு தேவைப்படுபவர்களுக்கு வீட்டுக்கே பிசியோதெரபியும் வருகிறது. பக்கவாதம் வந்து படுத்தவர்களுக்கு அது பெரிய உதவி. அந்த வருகையைப் படுத்துவிடாதவர்களுக்கும் விரிக்க வேண்டும். மாத்திரை தர வரும் சுகாதாரத் தன்னார்வலர், அதே வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு, 30 நொடியில் எத்தனை முறை எழ முடிகிறது என்று எண்ணி, பிபி எழுதும் அட்டையிலேயே எழுதலாம். எண் குறைந்துகொண்டே வந்தால் பிசியோதெரபிஸ்ட்டுக்குச் சொல்லலாம். செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. அரசு போட்டிருக்கும் நடைபாதைகளில் சாய்வுள்ள பெஞ்சும், பிடித்து ஏறக் கம்பியும், பெண்கள் பயன்படுத்தக்கூடிய சுத்தமான கழிவறையும் இருந்தால், இன்று வீட்டிலேயே இருந்துவிடும் அம்மாக்களில் பலர் நாளை அங்கே வருவார்கள்.